திருக்கேதாரஞ் செல்லுமுன்

இளைப்பாறிய ஆசிரியர் சிலரும் யானும் வருகின்ற வைகாசியில் திருக்கேதாரஞ் செல்லக் கருதியுள்ளோம். இதனைக் கேள்வியுற்ற அன்பர் பலர், யாத்திரையை எவ்வாறு ஒழுங்கு செய்தல் வேண்டும் என வினவி எழுதுகின்றனர். தனித்தனியே விடை எழுத இயலாமையின் இவ்வாரப் பத்தியை அதற்கெனக் கொண்டேன்.

இமயச் சாரலிலுள்ள அக்கோயில் ஆண்டு முழுவதுந் திறந்திருப்பதன்று. சித்திரை வைகாசியளவில் திறந்து, தீபாவளியை அடுத்துச் சாத்துவர். பனிக்காலம் முழுவதும் உற்சவ மூர்த்தி உகிமடத்திலே பூசை கொள்வர். திறக்கும் நாளைச் சிவராத்திரியன்று அவ்வுகிமடத்தில் அறிவிப்பர். அதற்கு முன்னரே விமானச் சீட்டு வாங்குவோர் அவசரக்காரரேயாவர். ஆடி ஆவணி மழையில் மலை சரியும், அக்காலத்தை விலக்குக. 2013 யூன் 16, 17 ஆந் திகதிகளில் வந்த பெருவெள்ளம் ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. கோயில் மட்டுந் தப்பி நின்றது. உத்தரகண்ட அரசிற் பெயர் பதிந்துகொண்டே செல்லல் வேண்டும் என்பதையும் மறவற்க.

இருடிகேசத்திலிருந்து உருத்திரப்பிரயாகை, குப்தகாசி வழியாகக் கௌரிகுண்டம் வரை வாகனஞ் செல்லும். அப்பால் ஏறக்குறைய 16 கிலோமீற்றர் மலைப்பாதை. கேதாரத்தின் உயரம் 3,580 மீற்றரளவு. நம் நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றரே என்பதை மாணவரும் அறிவர். சிவனொளிபாதமலை ஏறியிறங்கிய துணிவு அங்கே போதாது. காற்றழுத்தம் கடன்மட்டத்தில் உள்ளதில் மூன்றிலிரண்டு பங்களவே. இளைஞர்க்குந் தலைவலியும் மூச்சுத்திணறலும் உண்டாகும். உலங்கு வானூர்தியிற் செல்வோர்க்கு இடர் குறைவென எண்ணற்க. உடல் பழகுமுன்னே அது மேலே கொண்டுபோய் விட்டுவிடும். குப்தகாசியில் ஈரிரவேனுந் தங்கிச் செல்லுதலே தக்கது.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர்க்கு இருதய நோய் உண்டு. வைத்தியர் தடுத்துவிட்டார். அவரோ, "வழியில் உயிர் போனாற் புண்ணியமன்றோ" என்கின்றார். இவ்வாறு சொல்லுதல் நம்மவரிடையே பெருவழக்கு. இதனை யான் ஒப்பேன். கயிலைக்கு நடந்த அப்பர் சுவாமிகள் காலுங் கையுந் தேய்ந்தும் மீளேன் என்றனரே எனச் சான்று காட்டுகின்றார் அவர். உண்மையே. ஆனால் இறைவன் அவரை அவ்வழியில் மடியவிட்டனரோ? தடாகத்தில் மூழ்குவித்துத் திருவையாற்றில் எழச்செய்து, அங்கேயே கயிலைக் காட்சி காட்டியருளினர். பெரியபுராணத்தை முழுமையாகப் படித்தல் நன்று.

அன்றியும், கேதாரத்தைப் பாடிய நாயன்மார் இருவருட் கேதாரத்துக்குச் சென்றவர் எவர்? சம்பந்தப் பிள்ளையார் காளத்தியிலிருந்தே வடநாட்டுத் தலங்களைப் பாடினர். சுந்தரரும் அவ்வாறே அங்கிருந்து பாடினர் எனச் சேக்கிழார் கூறுவர். அவ்வளவேன்? நம் திருக்கோணமலையையுந் திருக்கேதீச்சரத்தையும் பிள்ளையார் பாடியது இராமேச்சரத்திலிருந்தன்றோ? அக்கரையில் நின்று பாடிய பாட்டால் நம்மூர் பாடல் பெற்ற தலமாகலாமெனின், காளத்தியில் நின்று கேதாரத்தைத் தொழுவார் வழிபாடு எவ்வாற்றாற் குறைபடும்?

பிள்ளையாரின் கேதாரப் பதிகத்திலே வண்டு பாடும், மயிலாடும், மான்கன்று துள்ளும், கெண்டை பாயும், சுனையிலே நீலமலரும். பனிமலையில் மயிலேது என மேல்வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. கண்டெழுதிய வருணனையாக அதனைக் கொள்ளுதல் வேண்டா என்றேன். தமிழ்நிலத்தின் சுனையையுஞ் சோலையையும் அம்மலைமேல் ஏற்றிவைத்தது பிள்ளையாரின் அன்பு. பதிகத்தை ஓதாது போவார் பனியையும் பாறையையுமே கண்டு மீள்வர். ஆதலிற் புறப்படுமுன் இரு பதிகங்களையும் பண்ணோடு பயின்றுகொள்க. கம்பளியும் மருந்தும் பிறகு கட்டலாம்.

எங்கள் ஒழுங்கு வருமாறு: சென்னையில் இறங்கியதும் எல்லோரும் காளத்தி செல்வோம். இரண்டு பதிகங்களையும் அச்சந்நிதியில் ஓதுவோம். வைத்தியர் உடன்பட்டோர் அங்கிருந்து வடக்கே போவர். மூத்தவர் காளத்தியிலேயே தங்குவர். துணைக்கு இளைய ஆசிரியர் ஒருவர் தாமாகவே இசைந்திருக்கின்றார். குப்தகாசியில் எவரேனுந் தளர்வுற்றால், காரணங் கேளாது அவரோடு ஒருவர் திரும்புதல் வேண்டும் என்பதும் எழுதிக் கையொப்பமிடப்பட்டுள்ளது. மலையேறும் நாளைச் சிவராத்திரிக்குப் பின்னரே குறிப்போம்.