மூடி முக்கியம்

கொடைக்கானலில் யார் வீட்டில் நீச்சல்குளம் இருக்கிறது என்று கேட்பீர்கள். தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே! போன சீசனில் தண்ணீர் லாரி வந்தபோது, தொட்டி மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பணம் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால், மூன்று வயதுப் பேரன் விளிம்பில் குனிந்து, எதிரொலி கேட்கக் கூவிக்கொண்டிருக்கிறான்! சட்டையைப் பிடித்து இழுத்தேன். இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்நாட்டுச் செய்திகளைப் படிக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. வீட்டு நீச்சல்குளத்துக்கு வேலி, அலாரம், மூடி, கூடாரம் ஆகியவற்றில் ஒன்றாவது கட்டாயம் என்று 2003இல் அங்கே சட்டம் போட்டார்கள். நம் தொட்டிக்கு ஒரு பூட்டாவது வேண்டாமா?

மூடியும் சரியானதாக இருக்க வேண்டும். குளத்தின் அடியில் நீரை உறிஞ்சும் குழாய்க்கான மூடிகளில் சுமார் 10 லட்சத்தை 2011இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். குளிப்பவரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் அபாயம்தான் காரணம். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிட, இங்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ரசீதே வாங்காதவரை எங்கே தேடுவார்கள்?

'ஒரு நிமிடம்தானே' என்றுதான் நானும் நினைத்தேன். நீங்கள் நினைக்காதீர்கள். இன்றே பூட்டுப் போடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.