கிழங்கின் விலை மாவில் இருக்கிறது

சேலம், நாமக்கல், தர்மபுரி பகுதிகளில் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். அதைப் பயிரிடும் சிறு விவசாயி, லாரியில் ஏறும் எடையைக் கண்டு மகிழ்கிறார். ஆனால் சேகோ ஆலைகள் எடையோடு கிழங்கின் மாவுச்சத்தையும் பார்த்தே விலை போடுகின்றன. இதைத்தான் 'பாயிண்ட்' என்கிறார்கள். 11 டன் கிழங்கு 24 பாயிண்ட் இருந்தால் பெருக்கல் கணக்கு 264. 10 டன் கிழங்கு 28 பாயிண்ட் இருந்தால் 280. எடை குறைந்தும் வரவு கூடுகிறது. வெட்டுக்கூலியும் லாரி வாடகையும் மிச்சம்.

இந்த மாவு மண்ணிலிருந்து வருவதில்லை. இலைதான் ஆலை, கிழங்கு வெறும் குதிர். பகலில் இலையானது காற்றிலுள்ள கரியமில வாயுவையும், வேர் அனுப்பும் நீரையும் கொண்டு, வெயிலின் பலத்தால் சர்க்கரை செய்கிறது. அதில் ஒரு பங்கை மாவாக்கி இலையிலேயே வைத்துக் கொள்கிறது. இரவில் அம்மாவு சர்க்கரையாக மாறித் தண்டின் வழியே இறங்கி, கிழங்கில் மறுபடியும் மாவாகிறது. சர்க்கரை நீரில் கரையும். மாவு எளிதில் கரையாது. ஆகவே சேமிப்புக்கு ஏற்றது மாவே.

சேமித்த செடி செலவும் செய்யும். வறட்சியில் இலை உதிர்ந்து நின்ற செடி மழை கண்டதும் துளிர்க்கிறது. அத்துளிருக்கு வேண்டிய சத்து கிழங்கிலிருந்தே போகிறது. அந்தச் சமயத்தில் வெட்டினால் பாயிண்ட் இறங்கும். புது இலைகள் முற்றி, மீண்டும் மாவு இறங்கும் வரை பொறுப்பதே நலம். மாவுப்பூச்சியும் செம்பேனும் இலையைக் கெடுத்தால் ஆலையே நின்றது போலத்தான். இலையில் செய்த சர்க்கரை கிழங்குக்கு இறங்கச் சாம்பல் சத்து துணை செய்கிறது. யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டு பொட்டாஷை மறப்பது தவறு.

எச்-226 ரகம் முற்ற ஏறக்குறைய 10 மாதம் ஆகும். ஏழாம் மாதத்திலேயே வெட்டுகிறவர் பாதி நிரம்பிய குதிரை விற்கிறார். ஆனால் பழியை அவர்மீது மட்டும் போடுவது நியாயமல்ல. கடன் நெருக்கும்போது காத்திருக்கச் சொல்வது எளிது, காத்திருப்பது கடினம். மேலும், வெட்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும். ஆலை வாசலில் பாயிண்ட் குறைந்தது என்றால், திருப்பி எடுத்துப் போக வழியில்லை.

பாயிண்ட் பார்ப்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. மாவு நீரைவிடக் கனமானது. மாவு மிகுந்த கிழங்கு நீருக்குள் நிறுத்தாலும் அதிக எடை காட்டும். இச்சோதனையை விவசாயியின் கண்ணெதிரே செய்து சீட்டில் எழுதித் தர வேண்டும். அதைக் கேட்பது அவர் உரிமை. வயல் முழுவதையும் வெட்டுமுன் இரண்டு மூன்று செடிகளைப் பிடுங்கிச் சோதித்துக் கொள்வதும் அறிவுடைமை.

ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்கள் தங்கள் சரக்கை விற்க 1981-ல் சேலத்தில் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கொண்டார்கள். கிழங்கு விளைவிப்போரும் ஊர்தோறும் கூடி, முறை வைத்து வெட்டி, ஒன்றாக விலை பேசலாம். பத்து மாதம் இலை உழைத்துச் சேர்த்த மாவுக்கு உரிய காசு, அப்போதுதான் உழுதவன் கைக்கு வரும்.