மிதிவண்டி தந்தோம்; வழி தந்தோமா?

‘சைக்கிள்’ என்னும் சொல்லை விலக்கி, ‘மிதிவண்டி’ என்னும் நற்றமிழ்ச் சொல்லை அரசு ஆணைகளிலும் பள்ளி நூல்களிலும் ஏற்றிவிட்டோம். மகிழத்தக்க செய்தியே. ஆயின், சொல்லுக்கு இடந்தந்த நாடு, அச்சொல் குறிக்கும் வண்டிக்கும், அதில் ஏறிச் செல்லும் எளிய தமிழனுக்கும் சாலையில் இடந்தந்துள்ளதா? இல்லை என்பதே நாணத்தக்க விடை!

2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 நேர்ச்சிகள் நிகழ்ந்தன; 17,884 உயிர்கள் மாண்டன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 சாவுகள்! அவ்வாண்டில் நேர்ச்சிகளின் எண்ணிக்கையில் இந்திய ஒன்றியத்திலேயே முதலிடம் நமக்கு. இதனைத் தலையெழுத்து என்று கூறிக் கைகழுவுதல் அறியாமை. சாலையை வகுப்பவர் மகிழுந்தில் செல்வோர். வகுப்பதும் மகிழுந்தில் செல்வோர்க்கே. நடப்பவனும் மிதிப்பவனும் அவர்தம் வரைபடத்தில் இல்லை. கரணியம் இதுவே, ஊழ் அன்று.

நம் மக்கள் மிதிவண்டியின் அருமை அறியாதவர் அல்லர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் பயின்றனர். கல்லுடைக்கும் பெண்டிரும், ஊர்ப்புறச் செவிலியரும், உழவுக் கூலியரும் ஊராரின் எள்ளலைப் பொருட்படுத்தாது வண்டியேறினர். பெண்களுக்கான வண்டி கிட்டாதபோது ஆண்களுக்கான வண்டியையே வாங்கி ஓட்டினர். பேருந்துக்குக் காத்துக் கிடப்பதும், தந்தையையோ கணவனையோ எதிர்பார்த்து நிற்பதும் குறைந்தன. பெண் விடுதலையைப் பேசிய மேடைகள் பல. அதனை இரு உருளைகளில் ஓட்டிக் காட்டியவர் அவர்களே.

2001-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியர்க்கென அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர்ப் பிற மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. வண்டி வந்தது, அது செல்ல ஒரு முழ அகல வழி வரவில்லை. பதினாறு அகவைச் சிறுமி சரக்குந்துக்கும் பேருந்துக்கும் இடையே உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு பள்ளி செல்கின்றாள். தந்த கொடை முழுமையானதா?

2014-இல் சென்னை மாநகராட்சி, நடப்போர்க்கும் மிதிவண்டியோட்டுவோர்க்கும் முதன்மை தரும் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காடு அவர்க்கே என்றது. 2019-இல் தியாகராய நகரின் பாண்டி கடைத்தெருவில் அகன்ற நடைபாதை அமைந்தது. நன்றே! ஆயின், ஒரு தெரு அழகுற்றால் ஊர் உய்ந்துவிடாது.

பழவேற்காட்டிலும் நாகையிலும் கோட்டை கட்டி வாணிகம் செய்த ஒல்லாந்தரின் நாட்டைப் பாருங்கள். நெதர்லாந்தில் 1971-இல் சாலைகளில் மாண்டோர் ஏறத்தாழ 3,300 பேர். அவருள் 400-க்கு மேற்பட்டோர் சிறுவர். தாய்மாரும் தெருவாரும் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என முழங்கிச் சாலைகளை மறித்தனர். அரசு பணிந்தது. தில்பர்கு நகரில் முதலில் ஒற்றை நெடுந்தடம் இட்டுப் பார்த்தனர். அது மட்டும் போதாதெனக் கண்டனர். எனவே 1980-களில் தெல்பட்டு நகரில் நகர், வட்டாரம், தெரு என மூன்று நிலைகளிலும் தடங்களை வலைபோல் பின்னி இணைத்தனர். அறுபட்ட இழை மீன் பிடிக்காது. அறுபட்ட தடமும் ஆளைக் கரைசேர்க்காது.

நாம் செய்ய வேண்டுவது யாது? பள்ளி, சந்தை, மருத்துவமனை, பேருந்து நிலையம் ஆகியவற்றை இணைக்கும் வழியை, அவ்வழியே நாளும் செல்லும் மக்களே வரைதல் வேண்டும். அதனை ஊரவையிலும் நகர்மன்றத்திலும் வைத்து முடிவெடுக்கச் செய்தல் வேண்டும். பள்ளியருகே ஊர்திகளின் விரைவு மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது. மோதினும் பெரும்பாலோர் உயிர் பிழைக்கும் அளவு அது. தில்லி வகுக்கும் நெடுஞ்சாலை ஊரை இரு கூறாக்கும் இடந்தோறும் அச்சமின்றிக் கடக்க வழி வேண்டும். தடமோரம் வேம்பும் புங்கும் நிழல் தரல் வேண்டும். நம் வெயிலுக்கு அது அணியன்று, இன்றியமையாத் தேவை.

இவற்றை வேண்டுவது இரத்தலன்று; உரிமை கேட்டல். மொழியைக் காக்க எழுந்த நாம், அம்மொழியைப் பேசும் பிள்ளை வீடு திரும்பும் வழியையும் காப்போம்! சொல்லை மீட்டோம், இனிச் சாலையை மீட்போம்!