திருவிழாவுக்கு உறுமி வேண்டும், உறுமிக்காரர் வேண்டாமா?

தைப்பூசம் வந்துவிட்டால் உறுமி மேளம் இல்லாமல் நம் தோட்டத்துக் காவடி ஓரடி எடுத்து வைக்காது. மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுக்கவும் மேளம் வேண்டும். சாவு வீட்டிலும் தப்பின் ஒலிதான் முன்னால் நடக்க வேண்டும். ஆனால் திருவிழா முடிந்த மறுநாள், அந்த மேளத்தை அடித்தவர் யார், அவருக்கு என்ன கொடுத்தோம், அவருக்குப் பின் அடிக்க ஆள் உண்டா என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? இந்தக் கேள்வியைத்தான் சங்கத் தோழர்கள் முன் இன்று வைக்கிறோம்.

நம் முன்னோர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தபோது மூட்டையில் பெரிய சொத்து எதுவும் கட்டி வரவில்லை. நெஞ்சில் மட்டும் சிலவற்றைக் கொண்டு வந்தார்கள். தப்பு, உறுமி, கும்மி, கோலாட்டம், கூத்து ஆகியவையே அவை. சிரம்பான், லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களில் காட்டை அழித்துக் கித்தா மரம் நட்ட கைகள்தாம், மாலையில் கோயில் திடலில் மேளத்தைத் தொட்டன. பள்ளியோ குருகுலமோ கிடையாது. லயத்து வாசலே பள்ளி. பக்கத்து வீட்டுப் பெரியவரே வாத்தியார்.

உறுமி எளிய வாத்தியம் என்று நினைப்பவர் உண்டு. இடை சிறுத்த மரக் கூட்டின் இரு முகங்களிலும் தோல் கட்டியிருக்கும். ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்க வேண்டும். மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் பிறக்கிறது. அழுத்தினால் ஒலி அடைத்துப் போகும். தளர்த்தினால் ஒலியே வராது. மரம் சீவுகிற தோழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உளி ஆழப் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பாலில்லை. இரண்டும் பல ஆண்டுப் பழக்கத்தால் மட்டுமே கை சேரும் வேலை.

இந்த வேலைக்காரரை நாம் எப்படி நடத்தினோம்? உண்மையை ஒப்புக்கொள்வோம். கிராணி வீடுகளில் பிள்ளைக்குப் பாட்டு வாத்தியார் வைத்தோம், பரதநாட்டியம் கற்க நகரத்துக்கு அனுப்பினோம். தப்புச் சத்தம் கேட்டால் அதே பிள்ளையை "உள்ளே வா" என்று கூப்பிட்டோம். அது சாவுக் கொட்டு என்றோம். வாயால் சொல்லாமல் மனத்தால் சொன்னது சாதிப் பெயர். உழைப்பில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று கூட்டத்தில் முழங்கிய நாமே, இசையில் ஏற்றத்தாழ்வு வைத்தோம்.

பரதநாட்டியத்தின் கதையையே பாருங்கள். அது சதிர் என்ற பெயரில் கோயிலிலும் சபையிலும் தேவதாசிப் பெண்கள் காத்து வந்த கலை. ஒரு காலத்தில் படித்தவர்கள் அதைப் பார்க்கவே கூசினார்கள். 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது. கலைக்கு மரியாதை வந்தது. 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. கொடிய வழக்கம் ஒழிந்தது நல்லதே. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைக் காத்த குடும்பங்களிலே பாலசரஸ்வதியைப் போன்ற சிலர்தாம் புகழோடு நிலைத்தனர், பலர் மறக்கப்பட்டனர். கலையை உயர்த்தி, கலைஞரைக் கைவிடும் அந்தத் தவறு உறுமிக்கும் நேரலாமா?

பறையின் நிலை தமிழகத்தில் மாறி வருகிறது. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான் என்ற பறைக் கலைஞருக்கு 2025-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. இழிவென்று ஒதுக்கிய தோலுக்கு அரசு மரியாதை கிடைத்துவிட்டது. நாம் மட்டும் பழைய எண்ணத்திலேயே நிற்பதா?

இளைஞர்கள் சோம்பேறிகள், சினிமா மெட்டைத்தான் உறுமியில் அடிக்கிறார்கள் என்று குறை சொல்கிறோம். அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கும் பெரியவரும் கற்கும் திடலும் எங்கே போயின? தோட்டத் துண்டாடலில் சில போயின. கித்தா அழிந்து செம்பனை வந்ததில் சில போயின. சிரம்பான், நீலாய் சுற்றுவட்டாரத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்ததில் இன்னும் சில போயின. லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போன பையன் எங்கே உறுமி பழகுவான்? இரண்டு தட்டுத் தட்டினால் மேல்மாடிக்காரர் கதவைத் தட்டுகிறார்.

ஆட்குறைப்பு நடந்தால், 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 5 ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளமாவது கொடுக்க வேண்டும். உழைத்த ஆண்டுகளுக்குக் கணக்கு உண்டு. கலைந்துபோன மேளக் குழுவுக்கும், இழந்த கோயில் திடலுக்கும் எந்தப் பேரேட்டிலும் கணக்கில்லை.

"சங்கத்தின் வேலை சம்பளமும் வீடும், மேளம் நமக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். துண்டாடல் காலத்தில், நிலம் வாங்குவது கூலிக்காரன் வேலையா என்றும் கேட்டிருக்கலாம் அல்லவா? ஆயினும் 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். நிலத்தைக் காக்க முடிந்தவர்களுக்கு ஓர் உறுமியைக் காக்க முடியாதா?

செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, மேளக்காரருக்குக் கூலியை முன்கூட்டியே பேசி ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். ஒரு போத்தலைக் கையில் திணித்து அனுப்புவது கூலி ஆகாது. இரண்டாவது, தோட்டம் கைமாறும்போது நடக்கும் பேச்சில் வீட்டோடு கோயிலுக்கும் திடலுக்கும் இடம் கேட்க வேண்டும். மூன்றாவது, வாரத்தில் ஒரு மாலை தமிழ்ப்பள்ளித் திடலில் பெரியவர்களைக் கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். கைத்தொலைபேசியிலாவது அவர்கள் வாசிப்பைப் பதிவு செய்ய வேண்டும். நான்காவது, 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி ஒரு கலையை மட்டுமன்றி, வாழும் ஒரு மனிதரையும் தேசிய மரபுடைமையாக அறிவிக்கும்படி யாரும் அமைச்சருக்கு முன்மொழியலாம். நம் கிளைகள் மூத்த உறுமிக்காரர் ஒருவரின் பெயரை எழுதி அனுப்பட்டும். மனு எழுதத் தெரிந்த கிராணிமார் இருக்கிறோம். இதுவரை உள்ளே கூப்பிட்ட பிள்ளைகளுக்காகவாவது அந்த மனுவை எழுதுவோம்.

தோழர்களே, அடுத்த திருவிழாவுக்கு மேளம் பேசப் போகும்போது உறுமிக்காரரை வாசலில் நிறுத்தாதீர்கள். உள்ளே அழைத்து நாற்காலி போடுங்கள். அங்கிருந்து தொடங்கட்டும் நம் வேலை.