லாக்டிக் அமிலத்தின் மேல் பழி போட்டது போதும்

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் அக்காள் வீட்டு மாடிப்படியில் நான் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தேன். ஏறுவதில் சிரமமே இல்லை. இறங்கும்போதுதான் இரண்டு தொடைகளும் முரண்டு பிடித்தன. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காள் மகள், பன்னிரண்டு வயதுக்காரி, “நண்டு மாதிரி நடக்கிறீங்களே, சித்தி” என்று சிரித்தாள். அவளும் என்னோடுதான் ஓடினாள். என்னைவிடப் பத்து நிமிடம் முன்னதாக முடித்தவள்.

ஓடியது ஞாயிற்றுக்கிழமை. வலி உச்சத்துக்கு வந்தது செவ்வாய்க்கிழமை. இந்த இரண்டு நாள் இடைவெளிதான், பல ஆண்டுகளாக வகுப்பறையில் நான் சொல்லிவந்த ஒரு தவற்றை எனக்குக் காட்டிக்கொடுத்தது. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

இடம், தென் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு. அடிலெய்ட் நகரிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 1840களில் ஜெர்மன் மொழி பேசும் குடியேறிகள் வந்து திராட்சை பயிரிட்ட பகுதி. இன்றும் சாலையின் இருபுறமும் திராட்சைதான். ஆனால் நாங்கள் போனபோது ஒரு பழம்கூட இல்லை. அங்கே அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடந்து முடிந்துவிடும். ஜூன் குளிர்காலத் தொடக்கம். இலையுதிர்ந்த கொடிகளுக்கு நடுவே செம்மறி ஆடுகள் களை மேய்ந்துகொண்டிருந்தன. புல் வெட்டும் இயந்திரத்துக்குச் செலவு மிச்சம், எருவும் கிடைத்துவிடுகிறது!

மெங்லர் குன்றின் பக்கமாக, ஊர் மக்களே சேர்ந்து நடத்தும் ஒரு ஓட்டம். பரிசுக் கோப்பை எதுவும் கிடையாது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர், நாயோடு வந்தவர், எழுபது வயது தாண்டிய பாட்டிமார் என்று எல்லாரும் இருந்தார்கள். நான்கு கிலோமீட்டர் மேலே, அதே வழியில் நான்கு கிலோமீட்டர் கீழே. என் கைக்கடிகாரம் காட்டிய மொத்த ஏற்றம் ஏறத்தாழ 200 மீட்டர். அத்தான் என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டார். “நீதான் கிள்ளானில் தினமும் பூங்காவில் ஓடுறியே” என்றார். அந்தப் பூங்கா தட்டையானது என்பது அவருக்குத் தெரியாது.

மாணவர்களே, மேட்டில் ஓடுவது ஏன் அவ்வளவு கடினம் என்பதை மூன்றாம் படிவக் கணக்கை வைத்தே பார்க்கலாம். என் எடை 60 கிலோகிராம். 200 மீட்டர் உயரத்துக்கு என் உடலைத் தூக்கச் செய்யும் வேலை, 60 × 9.8 × 200, அதாவது சுமார் 118,000 ஜூல். தசைகள் உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது, மீதி வெப்பம். ஆக, உடல் செலவழித்தது 470 கிலோஜூல் அளவில். சமதரையில் ஓட, ஒரு கிலோகிராம் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 4 கிலோஜூல் வேண்டும். எனக்கு அது 240. அப்படியென்றால் அந்த 200 மீட்டர் ஏற்றம், நான் கூடுதலாக இரண்டு கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். தோராயமாக, 100 மீட்டர் ஏறினால் ஒரு கிலோமீட்டர் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1892இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி இதைப் போன்ற ஒரு விதியைச் சொன்னார். மூன்று மைல் நடக்க ஒரு மணி நேரம். 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். மெட்ரிக்கில் மாற்றிப் பாருங்கள்: 100 மீட்டர் ஏற்றம், ஏறத்தாழ 800 மீட்டர் தூரத்துக்குச் சமமாக வரும். அவர் சொன்னது நடைக்கு, நான் கணக்கிட்டது ஓட்டத்துக்கு. இருந்தாலும் இரண்டு விடைகளும் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. (ஒரு வேதனையான தகவல்: அந்த 470 கிலோஜூல், ஒரு ரொட்டி சானாயில் பாதிகூட இல்லை.)

இன்னொரு கணக்கில் என் மாணவர்கள் எப்போதும் வழுக்கிவிடுவார்கள். நான் ஏறியது மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில், இறங்கியது 12 கிலோமீட்டர் வேகத்தில் என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் எவ்வளவு? ஒன்பது என்று சொல்லத் தோன்றும். ஏற 40 நிமிடம், இறங்க 20 நிமிடம், மொத்தம் 8 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். விடை எட்டு. மேட்டில் இழந்த நேரத்தை இறக்கத்தில் மீட்டுவிடலாம் என்பது நடக்காத காரியம். ஏனென்றால் நாம் மெதுவாகப் போகும் பகுதியில்தான் அதிக நேரம் இருக்கிறோம்.

சரி, ஏற்றத்தின் கதை இவ்வளவுதான். எனக்கு வலி கொடுத்தது ஏற்றமல்ல.

உச்சியிலிருந்து திரும்பியபோது எனக்கு ஒரே உற்சாகம். மூச்சு வாங்கவில்லை. கால்கள் தாமாகவே ஓடின. இத்தாலிய உடலியல் ஆய்வாளர் ஆல்பெர்த்தோ மினெட்டியும் அவர் குழுவும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. இறக்கத்தில் ஓடும்போது ஆற்றல் செலவு குறைந்துகொண்டே போய், 20 விழுக்காடு சரிவில் மிகக் குறைவாகிறது. அது சமதரைச் செலவில் ஏறத்தாழ பாதி. அதைவிடச் செங்குத்தானால் செலவு மறுபடியும் கூடுகிறது. ஆகவே இறக்கம் இலவசம் என்றே நான் நினைத்தேன். அக்காள் மகளை எட்டிப் பிடித்துவிடலாம் என்றுகூட ஆசைப்பட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி. மேலே ஏறியபோது என் உடலில் சேர்ந்த 118,000 ஜூல் நிலையாற்றல், கீழே வந்ததும் எங்கே போனது? அடிவாரத்தில் நான் நின்றுவிட்டேனே, இயக்க ஆற்றலாகவும் அது இல்லை. பதில்: அதில் பெரும்பகுதி என் தொடைத் தசைகளில் வெப்பமாகிப் போனது. கேமரன் மலையிலிருந்து இறங்கும் பேருந்தின் பிரேக் போல என் தசைகள் வேலை செய்திருக்கின்றன.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஐந்து கிலோ அரிசிப் பையைக் கையில் தூக்கி, முழங்கையை மடக்குங்கள். மேற்கைத் தசை சுருங்கிக் குட்டையாகிறது. இப்போது பையை மிக மெதுவாக இறக்குங்கள். அதே தசைதான் இன்னமும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் இழுத்துக்கொண்டே நீள்கிறது. மேட்டிலிருந்து ஓடி இறங்கும்போது, ஒவ்வொரு காலடியிலும் தொடையின் முன்புறத் தசைக்கு நடப்பது இதுதான். இப்படி நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது, தசை இழைக்குள் இருக்கும் சார்கோமியர் எனப்படும் நுண்ணிய அலகுகளில் சில அளவுக்கு மீறி இழுபட்டுச் சிதைகின்றன. பிறகு அங்கே அழற்சி ஏற்படுகிறது; நரம்பு முனைகள் கூருணர்வு அடைகின்றன. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அதனால்தான் வலி ஒரு நாளிலிருந்து மூன்று நாள்வரை கழித்து உச்சத்துக்கு வருகிறது.

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன். ஓடிய மறுநாள் கால் வலிக்கிறது என்று எந்த மாணவர் வந்தாலும், “தசையில் லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கு” என்றுதான் நான் சொல்லிவந்தேன். என் ஆசிரியர் எனக்குச் சொன்னது அது. அவருக்கு அவருடைய ஆசிரியர் சொல்லியிருப்பார்.

அந்தக் கருத்துக்கு ஒரு மதிப்பான பூர்வீகம் உண்டு. ஆர்ச்சிபால்ட் ஹில்லுக்கும் ஒட்டோ மையர்ஹோஃபுக்கும் 1922ஆம் ஆண்டுக்கான நோபெல் பரிசு கிடைத்தது தசை ஆய்வுக்காகத்தான். தவளைத் தசைகளைத் தனியே எடுத்துச் சோதித்த காலம் அது. உடலைவிட்டுப் பிரிந்த தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலம் வெளியேற வழியில்லை. உயிருள்ள உடலில் நிலைமை வேறு. லாக்டேட் இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது, அங்கே மறுபடி குளுக்கோஸ் ஆகிறது. இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன. ஓட்டம் நின்று ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ பழைய நிலைக்கு வந்துவிடும். ஞாயிறு காலையில் உண்டான லாக்டேட், செவ்வாய்க்கிழமை மாடிப்படிவரை எனக்காகக் காத்திருக்காது.

1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மிக எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். ஓடுபொறியில் 45 நிமிட ஓட்டம். ஒரு முறை சமதளமாக, ஒரு முறை பத்து விழுக்காடு இறக்கமாக. சமதள ஓட்டத்தில் லாக்டேட் கூடியது, பின்னர் வலி இல்லை. இறக்க ஓட்டத்தில் லாக்டேட் கூடவில்லை, ஆனால் வலி வந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு சோதனை பேச முடியுமா? அதற்கும் வெகு முன்பே, 1902இல், தியோடர் ஹஃப் என்பவர் தாமதமாக வரும் வலிக்குத் தசைக்குள் ஏற்படும் சிறு சேதமே காரணமாக இருக்கலாம் என எழுதிவிட்டார். ஆக, நான் பிறப்பதற்கு முன்பே தீர்க்கப்பட்ட விஷயத்தைத்தான் நான் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

‘பாடநூலே அப்படித்தானே சொல்கிறது’ என்று நீங்கள் கேட்கலாம். நான் எடுத்துப் பார்த்துவிட்டேன். நான்காம் படிவ உயிரியலில், கடும் உடற்பயிற்சியின்போது உயிர்வளி போதாமல் தசைச் செல்லில் லாக்டிக் அமிலம் உண்டாகிறது என்பது இருக்கிறது. ஆற்றல் தேவை திடீரென உயர்ந்தாலும் அது உண்டாகும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். மற்றபடி எஸ்.பி.எம். தாளில் ‘அசிட் லக்திக்’ என்று எழுதி மதிப்பெண் வாங்குவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. மறுநாள் வலிக்கும் அதுவே காரணம் என்பதுதான் ஆசிரியர்களாகிய நாங்கள் வாயால் சேர்த்துக்கொண்ட வால். அதே பாடத்தில்தான் ஈஸ்ட் சர்க்கரையை எரிசாராயமாகவும் கரிவளியாகவும் மாற்றுவதும் வருகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் பிழைப்பே அந்தச் சமன்பாடுதான்.

இது வெறும் சொல் திருத்தம் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். கடந்த ஆண்டு எங்கள் பள்ளிக் குறுக்கோட்டத்தில் ஒரு மாணவன் கடைசியாக வந்தான். பாதையில் ஒரு நீண்ட இறக்கம் உண்டு. இரண்டு நாள் கழித்துக் காலைப் பிடித்துக்கொண்டு வந்தவனிடம், “லாக்டிக் அமிலம்தான், இன்னொரு தடவை நல்லா ஓடினால் கரைஞ்சு போயிடும்” என்றேன். அவனும் நம்பி ஓடினான். வலி இன்னும் மோசமானது. இலேசாக நடந்திருந்தால் போதும். ஓய்வு கொடுத்திருந்தால் தானே ஆறியிருக்கும். அதற்குப் பிறகு அவன் திடலுக்கு வரவே இல்லை. தன் உடம்பு ஓட்டத்துக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டிக்கொண்டான்.

ஆகவே என் கருத்தைத் திட்டமாகவே சொல்கிறேன். இறக்கம் உள்ள பாதையில் மாணவர்களை ஓட விடும் பள்ளிகள், இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே ஒரு முறையாவது சிறிய இறக்கத்தில் மெதுவாக ஓடிப் பழக விட வேண்டும். ஒரே ஒரு முறை பழகிய தசைகூட, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் மிகக் குறைவாகவே சேதமடைகிறது என்பது பலமுறை கண்டறியப்பட்ட உண்மை. செலவு ஏதுமில்லை. வலியோடு வருபவரை மறுபடி ஓட விரட்டக் கூடாது. வலி தாங்க முடியாமல் போனாலோ, சிறுநீர் கருமையாகப் போனாலோ உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தசை கடுமையாகச் சிதைந்ததற்கு அது அடையாளமாக இருக்கலாம். அப்புறம், மேடு பள்ளமான பாதையில் வெறும் நேரத்தை மட்டும் பார்த்து மாணவர்களை வரிசைப்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. நாடித்துடிப்பையும் ஏறிய உயரத்தையும் அவரவர் குறித்து வந்தால், அதுவே ஒரு மாத அறிவியல் பாடத்துக்குக் காணும். நேரம் எங்கே என்று உடற்கல்வி ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். என் பாடவேளைகளில் இரண்டைத் தருகிறேன்.

பரோசாவில் இன்னொரு சம்பவமும் நடந்தது. இறங்கும் வழியில் படம் எடுக்கலாம் என்று ஒரு திராட்சை வரிசைக்குள் கால் வைக்கப் போனேன். வழிகாட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். வேலியில் பலகையும் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. ஃபைலோக்செரா என்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சி, திராட்சை வேரைத் தின்று கொடியையே கொன்றுவிடும். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தோட்டங்களை அழித்தது அதுதான். தென் ஆஸ்திரேலியாவுக்குள் அது இன்றுவரை நுழையவில்லை. அதனால்தான் 1840களில் நட்ட கொடிகள் சில அங்கே இன்னும் தம் சொந்த வேரில் காய்க்கின்றன. அந்தப் பூச்சி பயணம் செய்யும் வாகனங்களில் ஒன்று, மண் ஒட்டிய காலணி. விமான நிலையச் சோதனைக்குப் பயந்து கிள்ளானிலேயே என் காலணியைத் தேய்த்துக் கழுவியிருந்தேன். ஆனாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். நான் சொல்லிக்கொடுத்தது தவறு என்பதையும் சொன்னேன். அந்த மாணவன் இப்போது ஐந்தாம் படிவம். பாடம் முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. மணி அடித்த பிறகு மேசைக்கு வந்தான்.

“அப்படின்னா அன்னைக்கு ஏன் டீச்சர் என்னை ஓடச் சொன்னீங்க?”

“எனக்குத் தெரியலை, ஐயா. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்” என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அந்த மினெட்டி கணக்கை இன்னொரு முறை போட்டுக் காட்டச் சொன்னான். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மேட்டின் உயரத்தை அளக்க அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஓட இன்னும் சம்மதிக்கவில்லை.