பழைய பாட்டும் பருத்திக் காடும்

காதல் பாட்டுக்களைப் பற்றி நமக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. காதலிக்கிற மனிதன் உண்மையில் இவ்வளவு சத்தம் போடுவானா என்பதே அது. பாடகர் மேல் ஸ்தாயியில் ஏறி நின்றுகொண்டு, பின்னால் நாற்பது பிடில்கள் ஓலமிட, தம் பிரிவாற்றாமையை முழங்கும்போது, பிரிந்து போன பெண் நல்ல காரியந்தான் செய்தாள் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

இந்தச் சந்தேகத்துக்குச் சமாதானம் நாம் சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. அமெரிக்காவில் 'கண்ட்ரி' என்று வழங்கும் நாட்டுப்புற சங்கீதத்தில் பெயர் பெற்ற டெக்ஸாஸ்காரர் வில்லி நெல்ஸன், 1978-ஆம் வருஷம் 'ஸ்டார்டஸ்ட்' என்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். நட்சத்திரத் தூசி என்று பொருள். அதில் பத்துப் பாட்டுக்கள். பெரும்பாலும் காதலையும், காதல் போன பின் மிஞ்சும் நினைவையும் பற்றியவை. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் ஒன்றாவது அவர் இயற்றியதும் அன்று. நாட்டுப்புறப் பாட்டும் அன்று. நாடக மேடைக்கும் சினிமாவுக்கும் நடன மண்டபங்களுக்கும் பட்டணத்துப் பாட்டாசிரியர்கள் அரை நூற்றாண்டுக்கு முன் தொடங்கி எழுதி வைத்தவை அவை.

தாடியும் நீண்ட தலைமயிருமாக, நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பாடும் ஒரு பட்டிக்காட்டு மனிதருக்கும், கோட்டும் வில் கழுத்துப்பட்டையும் அணிந்தவர்கள் பாடிய பாட்டுக்களுக்கும் என்ன சம்பந்தம்? கிராமபோன் கம்பெனி முதலாளிகளும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

நெல்ஸன் 1933-ல் ஆபட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தாயும் தந்தையும் பிரிந்து போய்விட, அவரையும் தமக்கை பாபியையும் வளர்த்தவர்கள் தாத்தாவும் பாட்டியும். தாத்தா கொல்லர். பேரனுக்கு ஆறு வயதானபோது கையில் ஒரு கிட்டாரைக் கொடுத்தவர் அவரே. பருத்தி வெடிக்கும் காலத்தில் பையன் சாக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டில் பருத்தி எடுக்கப் போவான். பக்கத்து வரிசையில் நீக்ரோக்களும் மெக்ஸிகர்களும் பாடிக்கொண்டே வேலை செய்வார்கள். வீட்டுக்கு வந்தால் வானொலிப் பெட்டி, தமக்கையின் பியானோ, அதன்மேல் பட்டணத்துப் பாட்டுக்களின் அச்சிட்ட ஸ்வரக் குறிப்புத் தாள்கள். பத்து வயதில், அவ்வூர்ப் பக்கம் குடியேறியிருந்த செக் நாட்டுக் குடியானவர்களின் நடனக் கோஷ்டியில் கிட்டார் வாசிக்கப் போய்க் கூலியும் வாங்கிவிட்டான்.

இந்தப் பிள்ளையிடம் போய், "இது உன் சங்கீதம், அது பிறர் சங்கீதம்" என்று சொல்லியிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்குமா? காதில் விழுந்த அனைத்தும் அவனுடையதே. சங்கீதத்துக்கு வேலி போட்டவர்கள் வியாபாரிகள். 1920-களில் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் கறுப்பு ஜனங்களின் பாட்டை ஒரு ஜாபிதாவிலும், மலைநாட்டு வெள்ளைக் குடியானவர்களின் பாட்டை இன்னொரு ஜாபிதாவிலும் தனித்தனியே அச்சிட்டு விற்றன. பாடுகிறவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் தாராளமாக எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடைக்காரரின் அலமாரியில் மட்டும் அவை சேரவில்லை. காலப்போக்கில் ஜனங்களும் அலமாரியைப் பார்த்தே தங்கள் காதைப் பழக்கிக்கொண்டார்கள்.

நெல்ஸன் இந்த வேலியில் பல தடவை முட்டிக்கொண்டவர். நாட்டுப்புற சங்கீத வியாபாரத்துக்குத் தலைநகரமான நாஷ்வில்லுக்குப் போய், 1960-களில் பிறருக்குப் பாட்டு எழுதிப் புகழ் பெற்றார். பாட்ஸி க்ளைன் என்னும் பாடகி 1961-ல் பாடிப் பிரசித்தமான 'க்ரேஸி' இவர் இயற்றியது. ஆனால் இவருடைய சொந்தச் சாரீரம் மட்டும் விலை போகவில்லை. மூக்கால் பாடுகிறார் என்றார்கள். தாளத்தோடு சேர்ந்து வருவதில்லை என்றார்கள். குறையை மறைக்கப் பிடில் கூட்டத்தையும் பின்பாட்டுக் கூட்டத்தையும் மேலே கொட்டினார்கள். அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் அவர் டெக்ஸாஸுக்கே திரும்பி, ஆஸ்டின் நகரத்து வாலிபர்களிடையே பாடலானார். 1975-ல் சொற்ப வாத்தியங்களை வைத்துக்கொண்டு தம் இஷ்டப்படி ஒரு தட்டுத் தயாரித்தபோது, இது முடிவு பெறாத ஒத்திகை அல்லவா என்று கம்பெனியார் திகைத்தனர். அது அமோகமாக விற்றது. ஒழுங்குக்கு அடங்காத 'அவுட்லா' பாடகர் என்று பட்டமும் வந்து சேர்ந்தது. முதலாளிகளுக்கு இப்போது புரிந்துவிட்டது: முரட்டு மனிதர், முரட்டுப் பாட்டு, பணம்!

அச்சமயத்திலேதான் பழைய காதல் பாட்டுக்களைப் பாடப் போவதாக அவர் சொன்னார்.

யாருக்கு வேண்டும் இந்தக் கிழட்டுப் பாட்டு என்றது கம்பெனி. இளைஞர்களுக்கு இவை புதுப் பாட்டாகவே இருக்கும், பெரியவர்களுக்கோ தங்கள் இளமை திரும்பும் என்பது நெல்ஸனுடைய வாதம். ஆஸ்டினில் தாம் 'ஸ்டார்டஸ்ட்' பாடியபோது சபை ஒரு கணம் பிரமித்து மௌனமாயிருந்து, பிறகு ஆரவாரித்ததென்றும், வாலிபர்கள் அதைத் தாமே புதிதாக எழுதிய பாட்டென்று எண்ணினார்கள் என்றும் அவர் பின்னால் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டின் மெட்டு 1927-ல் பிறந்தது!

இசைத்தட்டைத் தயாரித்துக் கொடுத்தவர் பூக்கர் டி. ஜோன்ஸ். மெம்பிஸ் நகரத்துக் கறுப்பர்; ஆர்கன் வாசிப்பதில் நிபுணர். கலிபோர்னியாவில் மாலிபு கடற்கரையில் நெல்ஸனும் இவரும் அண்டை வீட்டுக்காரர்களாக வாய்த்தது நல்ல காலந்தான். 1977 டிசம்பரில் தென் கலிபோர்னியாவில் ஒரு வீட்டிலே, நெல்ஸனுடைய சொந்தக் கோஷ்டியைக் கொண்டே, ஏறக்குறைய பத்து நாளில் காரியம் முடிந்தது. தமக்கை பாபியும் பியானோவுடன் வந்து சேர்ந்தார். ஒலிப்பதிவு சாதனங்களெல்லாம் வெளியே ஒரு லாரிக்குள் இருந்தன.

இனி அந்தக் குரலைப் பற்றி. நமது பத விதானத்தில், தாளம் போகிற இடத்துக்குச் சொல்லும் கூடவே ஓட வேண்டியதில்லை என்பது ரசிகர்களுக்குத் தெரியும். நெல்ஸன் செய்வது கிட்டத்தட்ட அதுவே. தாளம் தட்டு விழுந்து போய்விடும். வார்த்தை இன்னும் வராது. மறந்துவிட்டாரோ என்று நாம் நினைக்கையில், ஏதோ யோசித்துச் சொல்கிறவரைப் போல் மெதுவாக வந்து சேருவார். சில சமயம் முன்னதாகவே சொல்லி முடித்துவிட்டுத் தாளத்துக்காகக் காத்திருப்பார். குரலை உயர்த்துவது அபூர்வம். கமகக் குலுக்கல் கிடையாது. இரவில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, தூங்கப் போகாத ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிற தோரணை. நாஷ்வில்லில் எதைக் குற்றம் என்றார்களோ அதுவே இங்கே காதலுக்கு உரிய குரலாகிவிடுகிறது. காதலைச் சொல்லத் தயங்குகிற மனிதன் தாளத்தோடா பேசுவான்?

கிட்டாரும் அவரைப் போன்றதே. நைலான் நரம்பு கட்டிய அந்த மார்ட்டின் வாத்தியத்துக்கு 'ட்ரிகர்' என்று, சினிமாவில் வந்த ஒரு குதிரையின் பெயரை வைத்திருக்கிறார். விரலால் மீட்டுவதற்கென்று செய்ததை வில்லையால் மீட்டி மீட்டி, பலகையில் பெரிய ஓட்டையே விழுந்துவிட்டது. அதை மாற்றச் சொன்னவர்கள் எத்தனை பேரோ! மாற்றவில்லை.

பாட்டுக்களை இயற்றியவர்களை எண்ணிப் பார்த்தால் இன்னொரு செய்தி தட்டுப்படும். 'ப்ளூ ஸ்கைஸ்' எழுதிய இர்விங் பெர்லின், ருஷ்ய சாம்ராஜ்யத்திலிருந்து சிறு வயதில் ஓடிவந்த ஏழை யூதக் குடும்பத்தின் பிள்ளை. வேறொரு பாட்டுக்கு மெட்டுக் கொடுத்த டியூக் எல்லிங்டன், கறுப்பு ஜாதியின் மகா மேதை. 'செப்டம்பர் ஸாங்' என்ற பாட்டின் கர்த்தா குர்ட் வைல், 1933-ல் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பியோடியவர். அமெரிக்கா தன் காதலைச் சொல்லிக்கொண்ட பாஷையை அகதிகளும் அடிமைகளின் சந்ததியாரும் அல்லவா ஆக்கிக் கொடுத்திருக்கிறார்கள்!

அந்த 'செப்டம்பர் ஸாங்' பிறந்த கதை ரஸமானது. 1938-ல் ஒரு நாடகத்தில் வால்ட்டர் ஹ்யூஸ்டன் என்னும் நடிகருக்காக வைல் அதை அமைத்தார். ஹ்யூஸ்டன் நடிப்பிலே சிங்கம், பாட்டிலே அப்படியல்ல. ஆகவே அவருடைய குறுகிய சாரீரத்துக்குள் அடங்கும்படி மெட்டுப் போட்டார். வயதான ஒருவன், நாட்கள் குறைந்து வருவதை உணர்ந்தபடி ஓர் இளம் பெண்ணிடம் பேசுகிற பாட்டு அது. பெரிய குரல்காரர்கள் பிற்பாடு பலர் அதைப் பாடியிருக்கிறார்கள். ஆனால் நாற்பத்து நான்கு வயது நெல்ஸன் பாடும்போதுதான், இது பேசத் தெரிந்தவனுக்காகச் செய்த பாட்டு என்பது நமக்கு விளங்குகிறது.

கெர்ஷ்வின் மெட்டமைத்த 'ஸம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ' இன்னும் விசித்திரம். 1926-ல் ஒரு நாடகத்தில் கதாநாயகி பாடியது. தாடிக்கார மனிதர் அதைப் பாடினால் சிரிப்பு வரும் என்று பயந்தோம். வரவில்லை. நாயகி பாவத்தில் ஆண்கள் உருகிப் பாடுவதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த நமக்கு ஏன் வரப் போகிறது?

எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டோம். 'அன்செயிண்ட் மெலடி'யில் அவருடைய அடக்கம் பாட்டின் உயரத்துக்கு எட்டவில்லை என்பது நம் அபிப்பிராயம். பத்தும் மெதுநடையையே பெரிதும் நாடுவதால், ஒரே மூச்சில் கேட்கும்போது சற்றுத் தூக்கம் வருகிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னார். ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டால் எதற்கும் தூக்கம் வரும் என்று சொல்லி வாதத்தை முடித்தோம்.

கம்பெனியாரின் பயம் என்ன ஆயிற்று? 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்', 'ப்ளூ ஸ்கைஸ்' இரண்டும் 1978-லேயே நாட்டுப்புறப் பாட்டு வரிசையில் முதலிடம் பெற்றன. இசைத்தட்டு அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்றது. நாட்டுப்புறத் தட்டுக்களின் விற்பனை ஜாபிதாவில் ஏறக்குறைய பத்து வருஷம் இடம் விட்டு நகரவில்லை. கடைக்காரர் எந்த அலமாரியில் வைக்கக் கூடாது என்று நினைத்தாரோ, அதே அலமாரியில்!

இதற்கு நேர் எதிரான காரியத்தை 1962-ல் ஒருவர் செய்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கண் தெரியாத கறுப்புப் பாடகர் ரே சார்லஸ், வெள்ளைக் குடியானவர்களின் கண்ட்ரி பாட்டுக்களை எடுத்துத் தம் வழியில் பாடி ஒரு தட்டு வெளியிட்டார். வேலியை அந்தப் பக்கத்திலிருந்து தாண்டியவர் அவர். 'ஜார்ஜியா' பாட்டையும் 1960-லேயே அவர் பாடியிருக்கிறார்; 1979-ல் ஜார்ஜியா ராஜ்யம் அதைத் தன் ராஜ்யப் பாட்டாக ஏற்றுக்கொண்டது. இரண்டு பேர் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்ல பொழுதுபோக்கு. ரே சார்லஸ் பாடும்போது ஒரு மனிதன் ஊருக்குத் திரும்பத் துடிக்கிறான். நெல்ஸன் பாடும்போது அவன் திரும்ப முடியாதென்று தெரிந்துகொண்டு, திண்ணையிலே உட்கார்ந்திருக்கிறான்.

எந்தப் பாட்டிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் நேயர்களுக்கு, 'மூன்லைட் இன் வெர்மாண்ட்' என்று சொல்வோம். எதுகைக்குப் பெயர் போன ஆங்கிலப் பாட்டுக்களில், கடைசிவரை ஓர் இயைபுகூட இல்லாமல் எழுதிய அதிசயம் அது. இல்லாதது காதில் படவே படாது.