குருவிக்கு வைத்த பந்தி

குருவிக்கென்று வைத்தால் அணில் வந்து உட்காரும். தெற்குக் கொல்கத்தாவின் பாலிகஞ்சில், பால்கனிக் கம்பியில் தீனித் தட்டைத் தொங்கவிடும் குடும்பங்கள் சீக்கிரமே கற்கும் பாடம் இது. பகலில் கம்பையும் சோளத்தையும் அணில் காலி செய்யும். கீழே சிந்தியதைப் பொறுக்க இரவில் எலி வரும். பழத்துண்டு மிச்சமிருந்தால் குழாயைப் பிடித்துக்கொண்டு மரநாயும் ஏறி வரக்கூடும்.

வங்காளிகளுக்கு இந்தச் செல்லத் திருடனைத் தெரியும். அணிலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'காட்பேராலி', அதாவது மரப்பூனை. கொய்யா தின்னும் அணிலோடு ஒரு சிறுமி மல்லுக்கு நிற்கும் காஜி நஸ்ருல் இஸ்லாமின் பாட்டு அங்கே பிரசித்தம். பக்கத்து லேக் மார்க்கெட் வட்டாரத்தில் குடியேறிய தமிழர்களுக்கோ அது ராமர் தடவிக் கொடுத்த பிராணி. ஆனால் தென்னாட்டு அணிலின் முதுகில் மூன்று கோடு. வடக்கத்தி அணிலுக்கு ஐந்து!

பாசம் இருக்கட்டும். அணில் சுத்த சைவமில்லை. பறவை முட்டையையும் குஞ்சையும்கூட ருசி பார்க்கும். பக்கத்தில் கூடு இருந்தால், குருவிக்கு இட்ட தானமே குருவிக்கு எமனாகிவிடும். எலி பெருகினால் எலிக்காய்ச்சல் பயம். மரநாயைக் கண்டாலோ கூண்டைத் தேடுகிறார்கள். அனுமதியின்றி அதைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வழி இருக்கிறது. தீனியில் மிளகாய்த் தூள் கலக்கலாம். பறவைகளுக்கு அதன் காரம் உறைப்பதில்லை. கிளி பழுத்த மிளகாயைக் கொறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பாலூட்டிகளுக்கு நாக்கு எரியும். கிளைக்கும் சுவருக்கும் எட்டாத இடத்தில் தட்டை வைப்பது நல்லது. பொழுது சாய்வதற்குள் மிச்சத்தை எடுத்து, தரையைப் பெருக்கிவிட்டால் ராத்திரி விருந்தாளிகள் வரமாட்டார்கள்.

விரட்டுவதோடு கணக்குத் தீராது. 2020 மே மாதம் அடித்த அம்பன் புயலில் கொல்கத்தா ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. 1920-களில் வெட்டப்பட்ட ரவீந்திர சரோவர் ஏரிக்கரையிலும் பல மரங்கள் சாய்ந்தன. மரத்தில் பழம் இல்லாவிட்டால் பசித்த வாய் பால்கனியைத்தான் தேடும். தட்டு வாங்கும் காசில் ஒரு கொய்யாவோ நாவலோ நட இடம் கிடைத்தால், குருவிக்கும் அணிலுக்கும் சேர்த்தே பந்தி வைத்ததாகும்.